மகிழுந்து மாற்றும் தமிழர் எம்மொழியில் ஒப்பமிடுகின்றனர்?

விழுப்புரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் நம் இயக்க அன்பர் ஒருவர்க்கு, ஊர்தி நேர்ச்சி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தினின்று ஓர் அழைப்பாணை வந்தது. அவர் எவர்மீதும் வண்டியை ஏற்றியவர் அல்லர். நேர்ச்சி நிகழ்ந்த அன்று அவர் தம் பெயர்த்திக்குப் பெயர்சூட்டும் விழாவில் இருந்தார். நிகழ்ந்த இடமோ அவர் காலடி படாத ஊர். ஆயினும், மிதிவண்டியில் சென்ற கூலித் தொழிலாளி ஒருவரின் காலை முறித்த அந்த அம்பாசிடர் உந்து, அரசின் பதிவேட்டில் அன்றும் அவர் பெயரிலேயே இருந்தது. எட்டுத் திங்களுக்கு முன் புதிய மகிழுந்து வாங்கியபொழுது அப் பழைய உந்தை ஈடாகக் கொடுத்துவிட்டார், கொடுத்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்.

கொடுத்த அன்று நானும் அவருடன் இருந்தேன். ஆகவே இதில் எனக்கும் பங்குண்டு.

அந்த விற்பனைக் கூடத்தின் முகப்பில் ஆங்கிலம் ஆளுயரத்திற்கு நின்றது. தமிழ் ஒரு மூலையில், சட்டத்திற்கு அஞ்சி ஒட்டிய சிறுதாளாய்க் கிடந்தது. எம்மை வரவேற்ற இளைஞர் தமிழ்ப் பிள்ளைதான். ஊர் கேட்டேன்; செஞ்சிப் பக்கம் என்றார். ஆனால் அவர் வாயினின்று வந்தது இது: "சார், இந்த மாடல் மைலேசு ட்வென்ட்டி போர் சார். உங்க ஓல்டு வண்டிக்கு எக்சேஞ்சு போனசு பிப்ட்டீன் தௌசண்டு. ஆன்ரோடு பிரைசு செவன் லாக்சு. இ.எம்.ஐ. போட்டுக்கலாம் சார்." இந்நான்கு தொடரில் தமிழ் எத்துணை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அப் பிள்ளையை நான் குறைகூறேன். அவ்வாறு பேசினால்தான் வேலை என்று பயிற்றப்பட்டவர் அவர். செஞ்சியில் தம் தாயிடம் இவ்வாறு பேசமாட்டார்.

அரை மணி நேரத்தில் கற்றைத் தாள்கள் வந்தன. பெருக்கற்குறி இட்ட இடமெல்லாம் ஒப்பமிடச் சொன்னார்கள். அன்பர் பதினேழு இடங்களில் ஒப்பமிட்டார், எல்லாம் தமிழில். "சார், இங்கிலீசுல போட மாட்டீங்களா?" என்று அப் பிள்ளை கேட்டார். அன்பர் தலைநிமிர்ந்து, "தம்பி, என் ஒப்பம் தமிழில்தான் இருக்கும்" என்றார். நாங்கள் இருவரும் பெருமிதத்துடன் புதிய உந்தில் ஏறி வந்தோம். அத் தமிழ் ஒப்பங்களுக்கு மேலே ஆங்கிலத்தில் என்ன அச்சிட்டிருந்தது என்பதை இருவருமே படித்துப் பார்க்கவில்லை.

இதை வெட்கத்துடன்தான் எழுதுகின்றேன். தலைப்பெழுத்தைத் தமிழில் இடுக, ஒப்பத்தைத் தமிழில் இடுக, பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதுக என்று ஐம்பதாண்டுகளாக நாம் சொல்லி வந்துள்ளோம். சொன்னது சரியே. ஆனால் பெயர்ப்பலகைக்கும் ஒப்பத்திற்கும் இடையில் ஓர் ஆவணம் இருக்கின்றது. அதிலேதான் தமிழனின் பணமும் பொறுப்பும் கைம்மாறுகின்றன. அவ் விடத்தை நாம் ஆங்கிலத்திற்கே விட்டுவிட்டோம். தனக்கு விளங்காத மொழியில் வாணிகம் செய்பவன் எடை போடாமல் பொருள் வாங்குகிறான். அக் கூடத்தில் எங்கள் காதில் விழுந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழில் பெயர்த்துப் பார்த்திருந்தாலே போதும், பாதி வலை அறுந்திருக்கும்.

முதற்சொல் மைலேசு. மைல் என்னும் அளவை இந்நாட்டு அரசு வழக்கினின்று நீங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. சாலையோரக் கற்களில்கூட அஃது இல்லை. விற்பவர் வாயில் மட்டும் உயிரோடு இருக்கின்றது. இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? செட்டு என்பது நம் சொல். 'செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்பது இன்றும் நம் சிற்றூர்ப் பெண்டிர் வழக்கு. எரிநெய்ச் செட்டு என்று சொல்லிப் பாருங்கள். சொன்னவுடன், 'எவ்வளவு மீதம்?' என்னும் வினா தானே எழும். மைலேசு என்னும்போது அவ் வினா எழுவதில்லை. இருபத்து நான்கு என்னும் எண் மட்டும் கண்முன் மின்னுகின்றது.

அந்த இருபத்து நான்கும் சாலையில் பிறந்த எண் அன்று. ஆய்வுக் கூடத்தில் உந்தை உருளைகளின்மேல் நிறுத்தி, வகுத்த விரைவுகளில் ஓட்டி, குளிரூட்டியை இயக்காமல் அளந்த எண். மேடுபள்ளமும் மாட்டுவண்டியும் வேகத்தடையும் சித்திரை வெயிலும் உள்ள திண்டிவனம் சாலையில் அது பதினேழு, பதினெட்டு என்று இறங்கும். பதினெட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

அன்பரின் பழைய அம்பாசிடர் இலிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடியது. அவர் திங்களுக்கு 300 கிலோமீட்டருக்குமேல் ஓட்டுபவர் அல்லர். உழவர் சந்தை, மருத்துவமனை, உறவினர் வீடு, நம் கூட்டங்கள், அவ்வளவே. ஆண்டிற்கு 3,600 கிலோமீட்டர். பழைய உந்திற்கு 400 இலிட்டர் கன்னெய் (பெட்ரோல் என்று வழங்குவது) வேண்டும். புதியதற்கு 200 இலிட்டர். மீதம் 200 இலிட்டர். இலிட்டர் நூறு உருபா என்று கொண்டால், ஆண்டிற்கு 20,000 உருபா செட்டு. நன்று. இனி மறுபக்கம் பாருங்கள். புதிய உந்தின் விலை, வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து 7 இலக்கம். பழையதற்கு ஈடு 50,000 போக, 6,50,000 உருபா கடன். நூற்றுக்கு 9 வட்டி என்றால், முதல் குறையக் குறைய வட்டி குறையும் எனினும், முதலாண்டின் வட்டி மட்டும் 50,000 உருபாவிற்குக் குறையாது. இருபதாயிரத்தை மீதப்படுத்த ஐம்பதாயிரத்தை வட்டியாகக் கட்டுவதற்குச் செட்டு என்று பெயரா?

ஆனால் இதே கணக்கை வாடகை உந்து ஓட்டும் ஒருவர்க்குப் போட்டுப் பார்த்தேன். அவர் திங்களுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவர்க்கு ஆண்டிற்கு 2,000 இலிட்டர், அஃதாவது 2,00,000 உருபா மீதம். வட்டியையும் கட்டி முதலையும் அடைக்க அஃது உதவும். அவர் மாற்றத்தான் வேண்டும். நாளைக்கே மாற்றினும் தகும். உந்து ஒன்றுதான், கன்னெய் ஒன்றுதான், ஓட்டம் வேறு. ஆகவே உந்தின் அகவையைப் பார்த்தோ, விற்பவர் கூறும் எண்ணைப் பார்த்தோ முடிவு செய்யலாகாது. 'நான் ஆண்டிற்கு எவ்வளவு ஓட்டுகிறேன்?' என்று தன்னைத்தானே கேட்டு முடிவு செய்யவேண்டியது இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'இலிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்கும் வழக்கமே நம்மை ஏமாற்றுகின்றது. 9 தரும் உந்தை விட்டு 12 தரும் உந்திற்கு மாறினால் அன்பரின் 3,600 கிலோமீட்டருக்கு 100 இலிட்டர் மீதம். 18 தருவதை விட்டு 24 தருவதற்கு மாறினால் 50 இலிட்டர்தான் மீதம். காதிற்கு மூன்றைவிட ஆறு பெரிதாகக் கேட்கும், கொள்கலத்திலோ பாதிதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 'நூறு கிலோமீட்டருக்கு எத்தனை இலிட்டர்' என்று எழுதுகின்றனர். அதுவே நேர்மையான கேள்வி.

இரண்டாம் சொல் எக்சேஞ்சு போனசு. போனசு என்பது இலத்தீனத்தில் 'நல்ல' என்று பொருள்படும் சொல்லினின்று வந்தது. யார்க்கு நல்லது என்பதை அச் சொல் கூறவில்லை. அன்பரின் அம்பாசிடரைக் கூடத்தார் 35,000 என்று மதித்து, அதன்மேல் 15,000 'போனசு' தந்தனர். எங்கள் ஊர்ப் பழுதுபார்ப்பவரோ, முந்தைய திங்களிலேயே அவ் வண்டியை 55,000-ற்குத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அன்பரின் சட்டைப் பையிலிருந்து இருபதாயிரத்தை எடுத்து, அதிலிருந்து பதினைந்தாயிரத்தை அவர்க்கே கொடையாக அளித்துக் கைகுலுக்கினார்கள். 'மாற்றுக் கொடை' என்று தமிழில் சொல்லியிருந்தால், 'எனக்கு ஏன் கொடை தருகிறீர்?' என்று நான் கேட்டிருப்பேன். போனசு என்றதும் தீபாவளிக் காலத் தொழிலாளிபோல் மகிழ்ந்துபோனோம்.

பழைய உந்தைக் கொடுத்துச் செட்டான புதியதை வாங்கச் செய்யும் இவ் வித்தை விற்பனைக் கூடத்தோடு நிற்கவில்லை. அரசுகளும் இதனைக் கையாண்டுள்ளன. 2009-ஆம் ஆண்டின் பொருளியல் வீழ்ச்சியில் அமெரிக்க அரசு, இலிட்டர்க் கணக்கில் மிகக் குறைவாக ஓடும் பழைய உந்துகளைக் கொடுத்துச் செட்டான புதியவற்றை வாங்குவார்க்கு 3,500 அல்லது 4,500 தாலர் தந்தது. 'ஓட்டை வண்டிக்குக் காசு' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். முதலில் ஒதுக்கிய நூறு கோடித் தாலர் சில நாள்களிலேயே தீர்ந்து, மேலும் இருநூறு கோடி ஒதுக்கப்பட்டது. 6 இலக்கத்து 77 ஆயிரத்திற்கு மேற்பட்ட உந்துகள் மாற்றப்பட்டன. அவ்வாறு பெற்ற பழைய உந்துகளின் பொறிகளில் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலை ஊற்றி, அவை இறுகி மாளும்வரை ஓட்டினர். அவற்றுள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவையும் பல. புதியது வாங்க இயலாத ஏழை, இரண்டாங்கையாக வாங்கி ஓட்டியிருக்கக்கூடிய வண்டிகள் அவை. செட்டின் பெயரால் நடந்த அழிப்பு அது.

அதே ஆண்டில் செருமனியும் ஒன்பதாண்டு அகவை கடந்த உந்தை உடைக்கக் கொடுத்துப் புதியது வாங்குவார்க்கு 2,500 யூரோ வழங்கியது. அதற்கு அரசு இட்ட பெயர் 'சுற்றுச்சூழற் கொடை'. மக்கள் அப் பெயரை ஏற்கவில்லை. தம் மொழியில் 'உடைப்புக் கொடை' என்று பொருள்படும் அப்விராக்பிரேமி என்னும் பெயரைச் சூட்டினர். அச் சொல்லே அந்நாட்டு மொழிக் கழகத்தால் 2009-ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பின்பாதி இலத்தீனக் கடன்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அரசு போர்த்திய பசுமைப் போர்வையை ஒற்றைச் சொல்லால் உருவி எறிந்த அம் மக்களைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. தம் மொழியில் எண்ணுபவர்க்கே அது கைகூடும்.

இங்கு நடப்பதென்ன? 2021 ஆகத்து 13-ஆம் நாள் குசராத்தில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில், இந்தியத் தலைமையமைச்சர் பழைய ஊர்திகளை உடைக்கும் கொள்கையைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் சென்னையில் தமிழ்நாட்டரசு தன் வரவு செலவுத் திட்டத்தில் கன்னெய் வரியை இலிட்டருக்கு 3 உருபா குறைத்தது. இவ்விரண்டையும் நான் அருகருகே வைத்துப் பார்ப்பதுண்டு. மாநிலம் தன் வருவாயை விட்டுக்கொடுத்து ஓட்டுபவனின் சுமையைக் குறைத்தது. தில்லியோ ஓட்டுபவனை வண்டியையே விடச் சொன்னது. உடைத்துச் சான்று பெற்றால், புதிய உந்தின் விலையில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு உடைசல் மதிப்பாகக் கிடைக்கும். சாலை வரியில் கால்பங்குவரை மாநிலங்கள் தள்ளுபடி செய்யலாம் என்றார்கள். கவனியுங்கள்: கொள்கை தில்லியுடையது, தள்ளுபடி மாநிலத்தின் வருவாயில். உடைக்காமல் வைத்திருப்பார்க்கோ, பதினைந்தாண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 உருபாவினின்று 2022 ஏப்பிரல் முதல் 5,000 ஆயிற்று; இருபதாண்டு கடந்த மகிழுந்துகளுக்கு 2025 ஆகத்தில் 10,000 ஆயிற்று.

கன்னெய் ஏன் இவ்வளவு விலை என்பதையும் கேட்க வேண்டும். 2025 ஏப்பிரலில் நடுவணரசு இலிட்டருக்கு 21 உருபா 90 காசு தீர்வை பெற்றது. அதில் மாநிலங்களுடன் பங்கிடும் தொகுப்பிற்குரிய அடிப்படைத் தீர்வை 1 உருபா 40 காசு மட்டுமே. எஞ்சிய 20 உருபா 50 காசும் மேல்வரி, சிறப்புத்தீர்வை என்னும் பெயர்களில் தில்லிக்கே உரியது. இதிலும் பெயர்தான் சூழ்ச்சி. வரி என்றால் பங்கு தரவேண்டும், மேல்வரி என்றால் தரவேண்டியதில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. கன்னெய்யில் எத்தனால் என்னும் எரிசாராயத்தை நூற்றுக்கு இருபது பங்கு கலந்து விற்பது 2025-இல் நாடெங்கும் நடைமுறையாகிவிட்டது. எத்தனாலின் வெப்பாற்றல் கன்னெய்யினுடையதைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. நடுவணரசின் நிட்டி ஆயோக்கு (தமிழனுக்குத் திட்டமிடும் குழுவிற்கும் இந்திப் பெயர்தான்) 2021-இல் வெளியிட்ட வழிவரைவே, எத்தனாலுக்கென அமைக்கப்படாத பழைய வகை மகிழுந்துகளில் இதனால் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு செட்டுக் குறையும் என்கிறது. விலை குறைந்ததா? இல்லை. கலப்பில்லாததை அதே விலைக்குக் கேட்டு வாங்கும் வாய்ப்பாவது உண்டா? அதுவும் இல்லை. பழைய உந்தின் செட்டைக் குறைத்தவர்களே, 'உன் உந்து செட்டில்லாதது, அதை விடு' என்கின்றனர்.

இவ்வளவும் சொல்வதால், பழைய உந்தெல்லாம் ஓடட்டும் என்று நான் வழக்காடுவதாக எவரும் கொள்ளற்க. அன்பரின் அம்பாசிடருக்குப் பின்னால் மிதிவண்டியில் சென்றவன் நான்; அதன் புகையை அறிவேன். இன்றைய புகைவரம்பிற்கு உட்பட்ட புதிய உந்தோடு அதனை ஒப்பிடவே இயலாது. மோதினால் காக்கும் காற்றுப்பையும் அதில் இல்லை. கண்ணும் கையும் தளர்ந்த அகவையில் இயக்குவதற்கு எளிதான வண்டி வேண்டும் என்று அவர் மகள் வற்புறுத்தியதே மாற்றியதற்கு மெய்யான கரணியம். அது நல்ல கரணியம். அப்படியென்றால், 'பாதுகாப்பிற்காக இவ்வளவு செலவிடுகிறேன்' என்று தெரிந்து செலவிட்டிருக்கலாம். மீதப்படுத்துகிறோம் என்று நம்பிச் செலவிட்டதுதான் பிழை. சட்டமும் அகவையை எண்ணுவதை விட்டுப் புகையை அளக்கட்டும், ஓட்டத்தை அளக்கட்டும். நாள் முழுதும் ஓடிக் கரும்புகை கக்கும் எட்டாண்டு வண்டி தப்பிவிடுகின்றது. கிழமைக்கொருமுறை சந்தைக்குப் போகும் இருபதாண்டு வண்டி பத்தாயிரம் கட்டுகின்றது.

இனி அந்தப் பதினேழு ஒப்பங்களுக்கு வருவோம். அவற்றுள் இரண்டு, படிவம் 29-இலும் படிவம் 30-இலும் இடப்பட்டவை என்று இப்பொழுது அறிகின்றோம். முன்னது, உரிமை மாறியதைப் பதிவு அலுவலகத்திற்கு அறிவிப்பது. பின்னது, பெயர் மாற்றக் கோருவது. 1988-ஆம் ஆண்டின் ஊர்திச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்திற்குள் விற்றவர் பதினான்கு நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். விற்றவர்! கூடத்தார் அல்லர், தரகர் அல்லர், நம் அன்பர். இதை அவர்க்கு எவரும் சொல்லவில்லை. வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு ஒப்பம் பெற்றுக்கொண்டனர். கூடத்தார் வண்டியைத் தரகரிடம் தள்ளினர். தரகர் இன்னொருவர்க்கு விற்றார். வெற்றுப் படிவம் கை மாறிக்கொண்டே போயிற்று. இடையில் காப்பீடும் முடிந்தது. புதுப்பிக்க எவர்க்கும் அக்கறை இல்லை. பெயர் அவர்களுடையது அன்றே.

2018 பிப்பிரவரி 6-ஆம் நாள் உச்ச நயன்மன்றம், நவீன்குமார் எதிர் விசயகுமார் வழக்கில் இதைத் தெளிவாகத் தீர்த்துவிட்டது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. அடிபட்ட ஏழை வண்டி எவரிடம் போயிற்று என்று தேடி அலையக்கூடாது என்பது அதன் கரணியம். அதில் குறைகாண எனக்கு மனமில்லை. கால் முறிந்த அத் தொழிலாளிக்கு எவரிடமிருந்தாவது பணம் கிடைத்தாக வேண்டும். ஆனால் அது ஏன் இவரிடமிருந்து?

தீர்வும் இருக்கின்றது, ஆங்கிலத்தில் இருக்கின்றது. 2022 திசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய ஊர்தி வணிகர் பதிவு அலுவலகத்தின் ஏற்புச் சான்று பெற்றிருக்க வேண்டும். அத்தகையவரிடம் வண்டியைக் கொடுக்கும்போது படிவம் 29-இ (ஆங்கில அடுக்கில் 29-சி) வழியாக இருவரும் அறிவித்துவிட்டால், அதன்பின் அவ் வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஒரேயொரு தாள். அது தமிழில் இருந்து, அன்பர் படித்திருந்தால், 'உங்கள் ஏற்புச் சான்று எங்கே?' என்று ஒரு வினா வினவியிருப்பார். பழைய உந்தை ஈடாகக் கொடுக்கும் ஒவ்வொருவரும் அவ் வினாவைக் கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். ஒப்படைத்த நாளும் நேரமும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். பெயர் மாறிய சான்றின் படியைக் கண்ணால் காணும்வரை காப்பீட்டை விடாதீர்கள்.

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. எழுபது ஆண்டாகியும், தமிழ்நாட்டின் சாலையில் ஓடும் ஊர்தியைத் தமிழன் தமிழனுக்கு விற்கும் படிவம் தமிழில் கட்டாயம் இல்லை. பதிவெண் பலகையில் எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று நடுவண் ஊர்தி விதி 50 ஆணையிடுகின்றது, அதற்கும் பணிகின்றோம். படிவத்தையேனும் இருமொழியில் அச்சிட எந்தச் சட்டம் தடுக்கின்றது? விற்பனைக் கூடத்திற்கு உரிமம் தரும்பொழுதே, வாங்குவோர் ஒப்பமிடும் தாள் யாவும் தமிழிலும் இருக்கவேண்டும் என்று தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை ஒரு வரி சேர்க்கட்டும். செஞ்சிப் பிள்ளையும் மகிழ்வார். அவர்க்கும் அத் தாளில் இருப்பது விளங்கும்.

அன்பரின் வழக்கு வரும் திங்கள் மீண்டும் அழைக்கப்படுகின்றது. கூடத்தாரிடமிருந்து அவர் ஒப்பமிட்ட தாள்களின் படிகளை மூன்று முறை அலைந்து பெற்றுள்ளோம். அவற்றை நானும் கல்லூரி மாணவர் ஒருவரும் இரவுகளில் அமர்ந்து தமிழாக்கி வருகின்றோம். பன்னிரண்டு முடிந்தன, இன்னும் ஐந்து இருக்கின்றன.